ஊர் வெளிச்சத்தில் மோதும் கேலக்ஸிகள்: கடலூர், புதுச்சேரி வானத்துக்கு 16 அங்குலம் வீணா?

#1 மஞ்சக்குப்பம்_மாடி (கடலூர்)

எல்லாருக்கும் வணக்கம். செகண்ட்ஹேண்டில் ஒரு 16 அங்குல டாப்சோனியன் (மரப்பெட்டி மேல கையால் திருப்புற ஆடி டெலஸ்கோப்) வாங்கியிருக்கேன். எஃப் 4.5, குவியத்தூரம் 1829 மி.மீ. வியாழன், சனி, நிலா எல்லாம் அள்ளிக் கொட்டுது. ஆனா நான் ஆசைப்பட்டது அதுக்கு இல்லை. ஹால்டன் ஆர்ப் 1966-ல் வெளியிட்ட விசித்திர கேலக்ஸிகள் பட்டியல் இருக்கே, மொத்தம் 338, அதில் ஒன்றையொன்று இழுத்துக் கிழித்து வால் நீட்டி நிற்கிற ஜோடிகளை என் கண்ணால் பாக்கணும். படத்தில் இல்லை, ஐபீஸில், அதாவது கண் வெச்சுப் பாக்கிற லென்ஸில்.

சிக்கல் எங்க வானம்தான். தெரு முழுக்க வெள்ளை எல்இடி. தெற்கே சிப்காட், மேற்கே நெய்வேலி, வடக்கே புதுச்சேரி, மூணு பக்கமும் அடிவானம் வெளுத்துக் கிடக்கு. மாடியில் பால்வீதி தெரியவே தெரியாது. வான இருட்டை அளக்கிற ஸ்கை மீட்டர் 18.5-ஐ ஒட்டித்தான் காட்டுது (எண் கூடினா இருட்டு கூடும்).

எனக்குத் தெரிஞ்ச மூத்தவர் ஒருத்தர், "ஊருக்குள்ள கேலக்ஸி பாக்க 16 அங்குலம் எதுக்கு? வித்துட்டு எட்டு அங்குலம் வாங்கிக்கோ, மலைக்குத் தூக்கிட்டுப் போ"ன்னு சொல்றார். விக்க மனசு வரலை. இந்தக் கடலோரத்தில் பெரிய டாப் வெச்சிருக்கிறவங்க உண்மையில் என்ன பாக்குறீங்க?

#2 செஞ்சி_பாறை

அந்தப் பெரியவர் சொன்னதில் பாதி சரி. விக்க வேண்டாம், ஆனா மலைக்குப் போங்க. காரணத்தைக் கணக்காவே சொல்றேன்.

கேலக்ஸி மாதிரி பரந்த பொருளுக்கு, பொருளுக்கும் வானத்துக்கும் உள்ள பிரகாச விகிதத்தை எந்த டெலஸ்கோப்பும் கூட்டாது. ஆடி பெரிசானா கேலக்ஸி ஒளியும் கூடும், வான ஒளியும் அதே அளவு கூடும். உங்க வானம் சதுர ஆர்க்செகண்டுக்கு (வானத்தின் ரொம்பச் சின்னத் துண்டு) 18.5 மேக்னிட்யூட், அதாவது எண் கூடினா மங்கல் கூடுற பிரகாச அளவு. மோதல் வால்கள் 24, 25-ன்னு இருக்கும். 24.5-ன்னே வெச்சுக்குவோம். ஆறு மேக்னிட்யூட் வித்தியாசம். அதாவது அந்த வால் வான வெளிச்சத்தில் 250-ல் ஒரு பங்குகூட இல்லை. இருட்டில் நம்ம கண்ணுக்குக் குறைஞ்சது சில சதவீத வித்தியாசமாவது வேணும். 16 இல்லை, 30 அங்குலம் வெச்சாலும் கடலூர் மாடியில் அந்த வால் தெரியாது.

கல்வராயன் மலைப் பக்கம் 21-ஐத் தாண்டும் இடங்கள் இருக்கு. வனத்துறையிடம் கேட்டுட்டு, ஊர்க்காரங்ககிட்ட சொல்லிட்டுப் போனா ஒரு இரவில் பாக்கிறது ஊரில் ஒரு வருஷம் பாத்தாலும் வராது.

#3 பாகூர்_ஏரிக்கரை (புதுச்சேரி)

செஞ்சி அண்ணன் கணக்கில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஆனா அது வாலுக்கான கணக்கு. மோதும் கேலக்ஸின்னா வால் மட்டும்தானா? மஞ்சக்குப்பம் தம்பி, உங்களுக்கு நீளமாகவே எழுதறேன். இந்த வானத்தில் பல வருஷமா 16 அங்குலத்தோட இருக்கிறவன் நான்.

முதலில் ஆடியின் அளவு எங்கே உதவுதுன்னு பாருங்க. 200 மடங்கு பெருக்கத்தில் உங்க 406 மி.மீ. ஆடியிலிருந்து கண்ணுக்கு வர்ற ஒளிக்கற்றையின் விட்டம் 2 மி.மீ. எட்டு அங்குலத்தில் அதே 2 மி.மீ. வேணும்னா 100 மடங்குக்குத்தான் போக முடியும். ரெண்டிலும் வானம் ஒரே அளவு மங்கலா இருக்கும், கேலக்ஸியும் ஒரே அளவு மங்கலா இருக்கும். ஆனா உங்க டாப்பில் கேலக்ஸி ரெண்டு மடங்கு அகலமா, நாலு மடங்கு பரப்பா விரியும். பிளாக்வெல் 1946-ல் வெளியிட்ட கண் பரிசோதனை முடிவுகள் இதைத்தான் காட்டுது: வித்தியாசம் குறைவான பொருள் சின்னதா இருந்தா கண்ணுக்குத் தப்பிடும், அதே வித்தியாசத்தோட பெரிசா இருந்தா பிடிபடும். பெரிய ஆடி வாங்கித் தர்றது இந்தப் பரப்பைத்தான். ஊர் வெளிச்சத்தில் அது இன்னும் அதிகமாவே தேவை.

அதனால் ஊருக்குள்ள குறைஞ்ச பவர்தான் கேலக்ஸிக்கு நல்லதுங்கிற பேச்சை விடுங்க. 25 மி.மீ. ஐபீஸில் வானம் சாம்பல் பூசின மாதிரி இருக்கும், ஜோடி அதுக்குள்ளயே கரைஞ்சிடும். 13 மி.மீ.யில் 140 மடங்கு, தேடுறதுக்கு. கண்டுபிடிச்சதும் 9-க்கோ 7-க்கோ போங்க. 7 மி.மீ.யில் 260 மடங்கு வரும். காத்து அலையாத இரவில் அது தாராளமா தாங்கும்.

அடுத்தது, எதைப் பாக்கறது. மொத்த மேக்னிட்யூடை வெச்சுத் தேர்ந்தெடுக்காதீங்க. அது அத்தனை ஒளியையும் ஒரு புள்ளியில் குவிச்சுச் சொல்ற எண். நமக்கு வேண்டியது கரு இறுக்கமா, சின்னதா, பிரகாசமா இருக்கிற ஜோடி. ரெண்டு கருவும் தனித்தனியா தெரிஞ்சு, நடுவில் ஒளி கொஞ்சம் இணைஞ்சா, அங்கே மோதல் உங்க கண்ணுக்கே தெரியுது.

மகத்தில் ஆரம்பிங்க. சிம்மத்தின் அரிவாள் வளைவில் மகத்துக்கு மேலே இருக்கிற அல்ஜீபா நட்சத்திரத்துக்குக் கிழக்கே முக்கால் டிகிரிக்குக் கொஞ்சம் கூட, என்ஜிசி (கேலக்ஸி, நெபுலா எல்லாம் சேந்த இன்னொரு பட்டியல்) 3226-ம் 3227-ம். ஆர்ப் 94. அல்ஜீபாவை ஐபீஸ் வட்டத்துக்கு வெளியே தள்ளிடணும், இல்லைன்னா அதோட வெளிச்சம் கெடுத்துடும். 3227-க்கு நடுவில் செயல்படும் கரு (கருந்துளை பொருளை விழுங்கறதால் ஒளிர்ற மையம்) இருக்கு, அதனால் ஊர் வானத்திலும் புள்ளியா பளிச்சுன்னு நிக்கும். பக்கத்தில் 3226 உருண்டையா ஒட்டிக்கிட்டு இருக்கும்.

அப்புறம் நம்ம ஊருக்குன்னே அமைஞ்ச ஒண்ணு. என்ஜிசி 4567, 4568. கன்னிக் கூட்டத்தில் எம் 58 (மெஸ்ஸியே பட்டியலின் 58-ஆவது) கேலக்ஸிக்குத் தென்மேற்கே அரை டிகிரி சொச்சம். அதோட டெக்ளினேஷன் (வானத்து அட்சரேகை) +11 டிகிரி 15 நிமிடம். கடலூர் அட்சரேகை 11.75, புதுச்சேரி 11.93. உச்சிக்கு வரும்போது தலைக்கு நேர் மேலே இருந்து ஒரு டிகிரிகூட விலகாது. காத்து மண்டலம் மெலிசா இருக்கிறதும், தெருவிளக்கின் சிதறல் குறைவா இருக்கிறதும் அங்கேதான். லண்டன்காரருக்கு இந்த ஜோடி 50 டிகிரிக்கு மேல் ஏறாது.

ஆனா தலைக்கு நேர் மேலே டாப்சோனியன் முரண்டு பிடிக்கும். குழாய் செங்குத்தா நிக்கும்போது பக்கவாட்டுச் சுழற்சிக்குப் பிடிமானமே இருக்காது, பெட்டியோட இழுத்துக்கிட்டு வரும். வழி இருக்கு: உச்சிக்கு வர ஒரு மணி நேரம் முன்னாடியே பாருங்க. அப்போ 75 டிகிரி உயரத்தில், நேர் கிழக்கில் இருக்கும். நம்ம கிழக்கு எது? வங்காள விரிகுடா. விளக்குக் கம்பம் கிடையாது, சிப்காட் கிடையாது. மீன்பிடிப் படகு விளக்குகளும் அடிவானத்தோட சரி. அதோட, அந்த ஜோடி நேர் கிழக்கிலேயே ஏறி வர்றதால் டாப்பைப் பக்கவாட்டில் கிட்டத்தட்ட அசைக்கவே வேண்டாம், மேலே தூக்கிக்கிட்டே போனா போதும். இந்தக் கடற்கரையில் எதைப் பாத்தாலும் இதே பழக்கம் வெச்சுக்கோங்க. உச்சிக்கு முந்தின ஒரு மணி நேரம் நம்முடையது, உச்சி தாண்டினா ஊருடையது.

மூணாவது, அஸ்தம். அஸ்த நட்சத்திரக் கூட்டத்தின் வடமேற்கு மூலை நட்சத்திரத்திலிருந்து மேற்கே மூணரை டிகிரி, கொஞ்சம் தெற்கே சாய்ஞ்சு, ஆர்ப் 244. ஆன்டெனா கேலக்ஸிகள், என்ஜிசி 4038, 4039. அந்த ரெண்டு நீள வால் தெரியாது, செஞ்சி அண்ணன் சொன்ன அதே காரணம். ஆனா உடல் தெரியும். வடக்குப் பக்கம் தடிச்சு, வளைஞ்சு, மேற்கே வாய் திறந்த ஒரு இறால். ஐரோப்பாக்காரங்க இதைப் புகைக்கூண்டு உயரத்தில் தேடுறாங்க, நமக்கு 59 டிகிரி ஏறி வருது. வடக்கு வளைவில் ஒளி சீரா இல்லாம திட்டுத் திட்டா இருக்கிறதைக் கவனிங்க. மோதலில் வாயு நசுங்கிப் புது நட்சத்திரக் கொத்துகள் கூட்டம் கூட்டமா பிறக்கிற இடம் அது. ஊர் வானத்தில் அந்தத் திட்டுகள் எனக்குத் தெரிஞ்சிருக்கு, நல்ல இரவுகளில் மட்டும்.

#4 புதுசு_பாண்டி

அருமையான பதிவு அண்ணா. எனக்கு ஒரு சந்தேகம். ஒளி மாசு ஃபில்டர்னு விக்கிறாங்களே, அது போட்டா இந்த கேலக்ஸிகள் நல்லாத் தெரியுமா? விலை அதிகம், அதான் கேக்கிறேன்.

#5 பாகூர்_ஏரிக்கரை

வாங்காதீங்க தம்பி. நெபுலாவுக்கு (ஒளிர்ற வாயு மேகம்) அந்த ஃபில்டர் வேலை செய்யறது, நெபுலா குறிப்பிட்ட சில நிறங்களில் மட்டும் ஒளிர்றதால். ஆக்சிஜன் ஒளி 500.7 நானோமீட்டரில் வருது, அதை மட்டும் விட்டு மத்ததைத் தடுத்தா வானம் கறுக்கும், நெபுலா நிக்கும். கேலக்ஸி ஒளி என்பது கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் ஒளி, எல்லா நிறத்திலும் பரவியிருக்கு. ஃபில்டர் போட்டா வானத்தோட கேலக்ஸியும் சேந்து போயிடும். முன்னாடி மஞ்சள் சோடியம் விளக்கு இருந்தப்போ அந்த ஒரு நிறத்தை வெட்டிக் கொஞ்சம் லாபம் பாக்கலாம். இப்போ வெள்ளை எல்இடியும் எல்லா நிறத்திலும் பரவி வருது, வெட்டறதுக்கு இடமே இல்லை.

அந்தக் காசில் ரெண்டு மீட்டர் கறுப்புத் துணி வாங்குங்க, மீதியைப் பத்திரமா வையுங்க. தலையையும் ஐபீஸையும் சேத்துப் போர்த்திக்கணும். கண் முழுசா இருட்டுக்குப் பழக இருபதிலிருந்து முப்பது நிமிஷம் ஆகும், பக்கத்து மாடியில் யாராவது டியூப்லைட் போட்டா அத்தனையும் போச்சு. துணிக்குள்ள வேர்க்கும், பொறுத்துக்கணும். பொருளை நேரா முறைக்காம கொஞ்சம் ஓரத்தில் பாக்கணும். மங்கல் ஒளியைப் பிடிக்கிற செல்கள் விழித்திரையின் நடுவில் கிடையாது.

#6 நேரலை_கேமரா (கடலூர் ஓ.டி.)

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? என்கிட்ட எட்டு அங்குலம்தான். ஐபீஸ் இடத்தில் சிமாஸ் கேமரா, பத்து விநாடிப் படங்களை லேப்டாப்பில் உடனுக்குடன் அடுக்கிக்கிட்டே போறேன். எம் 51-ன் சுருள் கைகளும், அது தோழி என்ஜிசி 5195-ஐ நோக்கி நீட்டுற பாலமும் சில நிமிஷத்தில் திரையில். கடலூர் துறைமுகம் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து! கண்ணால் பாக்கிறவங்க அந்த ஜோடியை ரெண்டு மங்கல் உருண்டையாத்தான் பாக்கறாங்க.

வான வெளிச்சம் கேமராவையும் பாதிக்கும், அது உண்மை. உங்க 18.5 வானம், 21.5 வானத்தை விட 16 மடங்கு பிரகாசம். அதே தரத்துக்கு 16 மடங்கு நேரம் சேக்கணும். மலையில் பத்து நிமிஷம் போதும்னா இங்கே ரெண்டு மணி நாப்பது நிமிஷம். ஆனா நேரம் நம்ம கையில் இருக்கே! மூணு மணி நேரம் காரில் போறதுக்கு அந்த மூணு மணி நேரத்தை மாடியிலேயே சேக்கலாம்.

#7 செஞ்சி_பாறை

கேமராத் தம்பி, எம் 51 சரி. ஆன்டெனா வாலை ஊரிலிருந்து எடுத்துக் காட்டுங்க. நேரம் மட்டும் பிரச்சினை இல்லை. தெருவிளக்கு ஒரு பக்கம், நெய்வேலி இன்னொரு பக்கம்னு வானமே ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சாய்வா வெளுத்திருக்கும். வால் அந்த வெளிச்சத்தில் 250-ல் ஒரு பங்குன்னா, ஃபிளாட் படத்தில் (ஒளி சீரில்லாததைச் சரி பண்ண எடுக்கிற படம்) அரை சதவீதம் பிசகினாலே வாலும் சாய்வும் ஒண்ணாகிடும். மென்பொருளில் சாய்வைக் கழிக்கிறப்போ வாலையும் சேத்துக் கழிச்சிடுவோம். அந்த இடத்தில் நீங்க எத்தனை மணி நேரம் சேத்தாலும் பலன் இல்லை.

#8 நேரலை_கேமரா

அது நியாயமான பேச்சு அண்ணே. தெற்கு வால் இருக்கிற மாதிரி ஒரு நிழல் எனக்கு வந்திருக்கு. அது வாலா சாய்வான்னு என்னால் சத்தியம் பண்ண முடியலை, அதனால்தான் இங்கே போடலை. உச்சிக்கு முன்னாடி கடல் பக்கம் மட்டும்னு பாகூர் அண்ணன் சொன்னதைக் கேமராவிலும் செய்யலாம்னு இப்போ தோணுது. சாய்வு அந்தப் பக்கம்தான் குறைவு. இந்த மாசியில் அப்படியே எடுத்துப் பாக்கறேன்.

#9 முத்தியால்பேட்டை_டீச்சர் (புதுச்சேரி)

தம்பிகளா, மாடியைப் பத்தி யாருமே பேசலையே. 260 மடங்குன்னு பாகூர் அண்ணன் எழுதிட்டார். கான்கிரீட் மாடி பகல் முழுக்க வெயில் குடிச்சு, ராத்திரி பத்து பதினொண்ணு வரைக்கும் அந்தச் சூட்டைக் கக்கும். அந்த நேரத்தில் 260-ல் எந்தக் கருவும் கொதிக்கிற மாதிரி ஆடும், ஜோடி ஒண்ணாத் தெரியும். மாடிக்குத் தண்ணி தெளிச்சுக் குளிர வைக்கலாம்னு தோணும். சாயங்காலமே தெளிச்சா சரி, ராத்திரி தெளிச்சா ஈரம் ஏறி செகண்டரி ஆடியில் (குழாய் வாய்ப் பக்கம் இருக்கிற சின்ன ஆடி) பனி பிடிக்கும். முடிஞ்சா மண் தரையில் வையுங்க. எங்க பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது மைதான ஓரத்துப் புல்தரையில்தான் வெப்போம். அதே டெலஸ்கோப்தான், ஆனா மாடிக்கும் மண்ணுக்கும் அத்தனை வித்தியாசம். நள்ளிரவு தாண்டினா இன்னொரு லாபம்: கடைவிளக்கு, விளம்பர விளக்கு எல்லாம் அணைஞ்சிருக்கும், பெரிய தெருக்கள் அடங்கினதும் வானம் கண்ணுக்கே தெரியற அளவு கறுக்கும்.

புதுச்சேரிங்கிறதால் ஒண்ணு சொல்லணும். வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்கிறதைப் பாக்க வந்து 1769 ஜூன் 4 காலையில் மேகம் மறைச்சு ஏமாந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தியை எல்லாருக்கும் தெரியும். அந்தச் சோகக் கதையோட அவரை விட்டுடறோம். அவர் இந்த ஊருக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடி, 1749-ல், ஆந்த்ரோமெடாவின் துணைக் கேலக்ஸி எம் 32-ஐக் கண்டுபிடிச்சவர். அந்த எம் 32 ஆர்ப் பட்டியலில் 168-ஆவது. பெரிய கேலக்ஸியின் இழுப்பில் வெளிப்புற நட்சத்திரங்களைப் பறிகொடுத்ததா கருதப்படுற சின்ன கேலக்ஸி அது. கோட்டை இடிபாட்டு மேல வானோக்ககம் கட்டிக்கிட்டு இங்கே இருந்த நாளில், ஜனவரி, பிப்ரவரி இரவுகளின் அழகை வியந்து எழுதினார். நம்ம ஊர்ப் பஞ்சாங்கக்காரர்கிட்ட உக்காந்து கிரகணக் கணக்குப் போடும் முறையையும் கத்துக்கிட்டார்.

எம் 32 ஊர் வெளிச்சத்தைப் பத்திக் கவலையே படாது. கரு அவ்வளவு இறுக்கம். தை மாசம் இருட்டினதும் வடமேற்கில் பாருங்க. 16 அங்குலம் வேண்டாம், நாலு அங்குலத்திலேயே ஆர்ப் பட்டியலில் ஒண்ணு முடிஞ்சுது. என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அதைப் பாத்துட்டு, "டீச்சர், இது நட்சத்திரம் மாதிரி இருக்கு, ஆனா நட்சத்திரம் இல்லை"ன்னா. அது போதும் எனக்கு.

#10 வில்லியனூர்_தெற்கு

டீச்சர் சொன்ன ஜனவரி, பிப்ரவரிக்கு இன்னொரு காரணமும் உண்டு. வடகிழக்குப் பருவமழை போய்க் காத்து கழுவின மாதிரி இருக்கும். தூசு இல்லைன்னா ஊர் வெளிச்சம் சிதறுறதும் குறையும். பங்குனி கடைசியில் புழுக்கம் ஏறினா மறுபடி வானம் பால் கலக்கும்.

#11 மஞ்சக்குப்பம்_மாடி

எல்லாருக்கும் நன்றி. பாத்துட்டேன்!

மாடியை விட்டுட்டு, சித்தப்பா வீட்டுத் தென்னந்தோப்பில் மண் தரையில் வெச்சேன். தேவனாம்பட்டினம் போற வழி. கிழக்குப் பக்கம் மரம் இல்லாத வெட்டவெளி, அதுக்கப்புறம் கடல். தோப்பே தெருவிளக்கை மறைச்சுடுது. மாசி அமாவாசையை ஒட்டின இரவு.

பதினொரு மணி வாக்கில் ஆர்ப் 94. அல்ஜீபாவை வெளியே தள்ளினதும் 3227-ன் கரு உடனே வந்துடுச்சு, கூர்மையா. 3226-க்கு ஓரப் பார்வை தேவைப்பட்டது, ஆனா பிடிச்சதும் நழுவலை. ரெண்டையும் சுத்திப் பொதுவான ஒரு மங்கல் இருந்த மாதிரி பட்டது. உறுதியாச் சொல்ல மாட்டேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு அஸ்தம். 140-ல் ஒரு கறை. 200-ல் வளைவு. துணிக்குள்ள மூச்சு ஐபீஸில் படாம மூக்கை ஒதுக்கிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன். வடக்கு வளைவு தடிச்சிருக்கிறது தெளிவாத் தெரிஞ்சுது, தெற்குத் துண்டு மெலிசா பின்னால் போகுது, நடுவில் மேற்கே திறந்த இருட்டு. திட்டுகள் தெரியலை. வாலைத் தேடவே இல்லை.

ஒண்ணேகால் மணிக்கு எம் 58-ல் இருந்து தென்மேற்கே நகர்த்தினேன். முதல்ல ஒரே மங்கல். 7 மி.மீ. போட்டு, டாப்பை லேசாத் தட்டிவிட்டேன். பொருள் அசைஞ்சா கண் பிடிக்கும்னு எங்கேயோ படிச்சது. அசைவு அடங்கும்போது ரெண்டாப் பிரிஞ்சுது. கிழக்குப் பக்கம் ஒட்டி, மேற்கே விரிஞ்ச ஒரு கோணம். தெற்குக் கை நீளம், வடக்குக் கை குட்டை. ஒட்டுற மூலையில் ஒளி தனியாக் கூடலை, ரெண்டும் சாதாரணமா ஒண்ணு மேல ஒண்ணு கலக்குது. அந்த மூலையைத்தான் கண் எடுக்காமப் பாத்துக்கிட்டே இருந்தேன். பக்கத்தில் நின்ன சித்தப்பாவைக் கூப்பிட்டேன். கண்ணாடியைக் கழட்டிட்டுக் குனிஞ்சவர், அஞ்சு நிமிஷம் பேசலை. அப்புறம், "ரெண்டா இருக்கு, தம்பி"ன்னார். நான் எதுவும் சொல்லித் தரலை அவருக்கு.

டெலஸ்கோப்பை விக்கப் போறதில்லை.

#12 பாகூர்_ஏரிக்கரை

படிக்கப் படிக்க அவ்வளவு சந்தோஷம் தம்பி. சித்தப்பா சொன்னதுதான் சாட்சி. முன்கூட்டியே தெரிஞ்ச கண் ஏமாறும், தெரியாத கண் ஏமாறாது. தட்டிவிடுற உத்தியும் சரி.

அந்த மூலையில் ஒளி கூடலைன்னு நீங்க கவனிச்சது முக்கியம். அந்த ஜோடி மோதலின் தொடக்கத்தில் இருக்கிறதா சொல்றாங்க, வடிவம் இன்னும் கலையலை. ஆன்டெனா ரொம்ப தூரம் போயிடுச்சு, அதான் அங்கே வளைவும் தடிப்பும். டூம்ரே சகோதரர்கள் 1972-ல் கணினியில் போட்டுக் காட்டினது இதைத்தான்: ரெண்டு தட்டு வடிவக் கேலக்ஸிகள் ஒண்ணையொண்ணு கடந்து போனா ஈர்ப்பின் அலை இழுப்பே பாலத்தையும் வாலையும் இழுத்துடும், வேற எந்த விசையும் வேண்டாம். ஒரே இரவில் தொடக்கத்தையும் நடுவையும் பாத்துட்டீங்க.

இன்னொரு விஷயம். இந்த ஜோடிகளில் புது நட்சத்திரம் நிறையப் பிறக்கும், அதில் பெரியவை சீக்கிரம் வெடிக்கும். எம் 51-ல் மட்டும் 1994, 2005, 2011-ன்னு மூணு சூப்பர்நோவா. 4568-ல் 2020-ல் ஒண்ணு, ஆன்டெனாவில் 2004-ல் ஒண்ணு. சூப்பர்நோவா புள்ளி. புள்ளிக்குச் செஞ்சி அண்ணன் கணக்குப் பொருந்தாது: பவரைக் கூட்டினா வானம் மங்கும், புள்ளி மங்காது. ஊர் வானத்தில் 16 அங்குலம் தன் முழு வேலையைக் காட்டுற இடம் அது. இப்பவே இந்த ஜோடிகளைச் சுத்தி இருக்கிற நட்சத்திரங்களை வரைஞ்சு வையுங்க. நாளைக்குக் கூடுதலா ஒண்ணு இருந்தா உங்களுக்குத் தெரியும்.

#13 செஞ்சி_பாறை

தம்பிக்கு வாழ்த்துகள். உடலைப் பாக்க ஊர் போதும்கிறதை ஒத்துக்கறேன். ஆர்ப் 242, அதான் எலிகள்னு பேர் வெச்ச கேலக்ஸி ஜோடி, அவை 14-ஐ ஒட்டின மேக்னிட்யூட், அதுக்கு மலைதான். ஸ்டீபன் ஐவர் இன்னும் சிரமம். எட்வார் ஸ்டீபன் 1877-ல் மார்செய்யில் கண்ட அந்த அஞ்சில் நாலுதான் உண்மையில் ஒண்ணுக்கொண்ணு பிடிச்சிருக்கு, 7320 நம்ம பக்கம் ரொம்ப முன்னாடி நிக்கற வேற கேலக்ஸி. நமக்கு அது முன்னிரவில் உச்சிக்கு வர்ற ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழை. ஆடியில் விடியறதுக்கு முன்னாடிதான் வழி, அப்பவும் மேகம் விட்டால்.

#14 வில்லியனூர்_தெற்கு

தெற்கையும் மறக்காதீங்க. மார்கழி, தையில் என்ஜிசி 1532-ம் ஒட்டின குட்டி 1531-ம், 45 டிகிரி உயரம். தை, மாசியில் என்ஜிசி 2207, ஐசி 2163, பெருநாய் கூட்டத்தில், 57 டிகிரி. ரெண்டு கருவும் ஊரிலேயே பிரிஞ்சு தெரியும். வைகாசியில் சென்டாரஸ் ஏ, அது ஆர்ப் 153. ஒரு கேலக்ஸி இன்னொண்ணை விழுங்கி முடிச்ச மிச்சம். குறுக்கே ஓடற கறுப்புப் பட்டையை 16 அங்குலத்தில் ஊர் வானத்திலும் பாக்கலாம். தெற்கே பாக்கிறப்போ புதுச்சேரிக்காரங்களுக்குக் கடலூர் வெளிச்சம் இடையில் நிக்கும். அதுக்குக் கடலூர்க்காரங்க நம்மைவிட ஒரு படி மேல், ஆனா சிப்காட்டுக்குத் தெற்கே போயிடணும். எம் 51-க்கு நேர் எதிர், அதைப் புதுச்சேரிக்கு வடக்கே காலாப்பட்டு தாண்டிப் பாக்கணும்.

#15 மஞ்சக்குப்பம்_மாடி

குறிச்சுக்கிட்டேன். கடைசியா ஒரு கவலை. தோப்பு கடலுக்குப் பக்கம். காலையில் குழாய் மேல தடவினா கைக்கு உப்பு ஒட்டுது. ஆடி என்ன ஆகும்?

#16 முத்தியால்பேட்டை_டீச்சர்

உப்பும் ஈரமும் சேந்தா அலுமினியப் பூச்சைப் புள்ளி புள்ளியா அரிக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். பாத்து முடிஞ்சதும் ஆடியில் பனி இருந்தா மூடியைப் போட்டு அடைக்காதீங்க, முதல்ல காய விடுங்க, அப்புறம் மூடுங்க. வீட்டுக்குள்ள வெச்சு, மூடிக்கு உள்பக்கம் சிலிக்கா ஜெல் பை, நிறம் மாறினா வறுத்துக் காய வெச்சுத் திருப்பிப் போடணும். துணியால் துடைக்கவே கூடாது. உப்புத் துகள் மணல் மாதிரி கீறிடும். கழுவணும்னா முதல்ல காய்ச்சி வடிச்ச தண்ணியை ஓட விட்டு உப்பைக் கரைக்கணும், அப்புறம்தான் ஒரு சொட்டு சோப்புத் தண்ணியில் நனைச்ச பஞ்சு, அழுத்தாம, பஞ்சோட எடை மட்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் புதுப் பஞ்சு. குழாய்த் தண்ணி வேண்டாம், நம்ம ஊரு உப்புத் தண்ணி காய்ஞ்சா கறை நிக்கும்.

#17 பாகூர்_ஏரிக்கரை

டீச்சர் சொன்னபடியே செய்யுங்க. பங்குனி அமாவாசைக்கு ஏரிக்கரைக்கு உங்க டாப்பை எடுத்துட்டு வாங்க. சித்தப்பாவையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு 16 அங்குலமும் பக்கத்தில் நின்னா என்ஜிசி 4490, 4485 ஜோடியில் ஆரம்பிக்கலாம். எட்டரைக்குள்ள வந்துடணும், கரை மேல ஏறும்போது ஹெட்லைட்டை அணைச்சுட்டுப் பார்க்கிங் விளக்கில் வாங்க. கேமராத் தம்பி, லேப்டாப் திரைக்குச் சிவப்புத் தாள் ஒட்டிக் கொண்டு வந்தா உங்களுக்கும் இடம் உண்டு.